ஒரே அறையில் நடக்கும் நாடகத்தைப் படமாக்குவது

"படம் நாடகம் மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் படத்தின் கதை முடிந்தது. மேடை நாடகத்தைப் படமாக்க நினைக்கும் யாரும் முதலில் பயப்படுவது இந்த ஒரு வரிக்குத்தான். அதுவும் நாடகம் முழுக்க ஒரே ஹாலில், ஒரே ராத்திரியில் நடந்தால் பயம் இன்னும் கூடும். உடனே தோன்றும் வைத்தியம், கதையை வெளியே கொண்டுபோவது. வசனத்தில் "நேத்து கோயில்ல பார்த்தேன்" என்று வந்தால் கோயிலைக் காட்டுவது, "காலேஜ்ல ஒண்ணா படிச்சோம்" என்று வந்தால் கல்லூரி பிளாஷ்பேக் வைப்பது, நடுவே ஒரு கார் பயணம். இப்படிச் செய்தால் சினிமாவாகிவிடும் என்று தயாரிப்பாளரும் சொல்வார், நண்பர்களும் சொல்வார்கள்.

இந்த வைத்தியம் சில நேரம் வேலை செய்யும். பல நேரம் நாடகத்தில் இருந்த உயிரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும். வெளியே போகலாமா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இருப்பவர்கள் ஏன் எழுந்து போகாமல் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

மேடையில் இதை யாரும் கேட்பதில்லை. திரை விலகும்போது ஒரு ஹால் தெரிகிறது, இரண்டு மணி நேரம் எல்லாம் இங்கேதான் நடக்கும் என்று டிக்கெட் வாங்கும்போதே நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். செட்டை மாற்றுவது சிரமம் என்பதும் நமக்குத் தெரியும். சினிமாவில் அப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது. கேமரா எங்கே வேண்டுமானாலும் போகும் என்று பார்ப்பவருக்குத் தெரியும். ஆகவே இரண்டு பேர் ஒரு அறைக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால், "பிடிக்கலைன்னா வெளிய போக வேண்டியதுதானே" என்று அவர் மனம் கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் இருந்தால் அறை இறுகும். பதில் இல்லாவிட்டால் எத்தனை கோயிலைக் காட்டினாலும் படம் நாடகமாகத்தான் தெரியும்.

நாடகத்தனம் என்று நாம் சொல்வது உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சபா நாடகம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். போன் அடிக்கிறது. எடுத்தவர், "என்னது? மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களா? எந்த ஆஸ்பத்திரி? ராயப்பேட்டையா?" என்கிறார். எதிர்முனையில் பேசுவதை அவரே திருப்பிச் சொன்னால்தான் நமக்குப் புரியும். இன்னொருவர் சரியான நேரத்தில் உள்ளே நுழைந்து, "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்" என்பார். சோபாவில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் முதுகும் நமக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு விங்குக்குள், அதாவது மேடையின் ஓர மறைப்புக்குள், போனவர் அடுத்த காட்சி வரை இல்லவே இல்லை. மேடையில் இவை எல்லாம் நியாயமான உத்திகள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கதை போய்ச் சேர வேண்டுமே. கேமரா வந்தபிறகு இதே உத்திகள் பொய்யாகத் தெரிகின்றன. நாடகத்தனத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. நான்கு சுவரின் மேல் பழி போடுவது தப்பு.

ஒரு நல்ல உதாரணத்தை எடுத்து மெதுவாகப் பார்க்கலாம். ஃபிரெடெரிக் நாட் என்ற ஆங்கிலேய நாடகாசிரியர் எழுதிய 'டயல் எம் ஃபார் மர்டர்'. 1952-இல் முதலில் பிபிசி தொலைக்காட்சியில் வந்து, அதே வருடம் லண்டன் மேடையிலும் நியூயார்க் பிராட்வேயிலும் ஏறியது. 1954-இல் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். திரைக்கதையையும் நாட்டே எழுதினார். கதை லண்டனில் ஒரு ஃபிளாட்டின் ஹாலில் நடக்கிறது. டோனி ஒரு முன்னாள் டென்னிஸ் வீரன். மனைவி மார்கோ பணக்காரி. அவளுக்கு வேறொருவனோடு உறவு இருந்தது அவனுக்குத் தெரியும். அவளைக் கொன்றுவிட்டுச் சொத்தை அடைய, பழைய கல்லூரிப் பழக்கமான ஸ்வான் என்பவனை மிரட்டி ஏற்பாடு செய்கிறான். தான் ஒரு விருந்தில் இருக்கும்போது வீட்டுக்குப் போன் செய்வது, அவள் எழுந்துவந்து ரிசீவரை எடுக்கும்போது திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் ஸ்வான் கழுத்தை நெரிப்பது, இதுதான் திட்டம்.

இந்தக் கதை ஏன் அறையை விட்டுப் போவதில்லை? அறையே கொலைக்கருவி என்பதால். போன் இருக்கும் மேஜை, அதன் பின்னால் திரைச்சீலை, படுக்கையறைக் கதவு, வாசல் கதவு, வெளியே மாடிப்படிக் கம்பளத்தின் கீழே மறைத்துவைத்த சாவி. இவற்றில் ஒன்றை நகர்த்தினாலும் திட்டம் குலைந்துவிடும். இதைப் புரிந்துகொண்ட இயக்குநர் பார்வையாளரை அந்த அறையின் வரைபடத்தை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும். ஹிட்ச்காக் அதைத்தான் செய்தார். டோனி ஸ்வானுக்குத் திட்டத்தை விளக்கும்போது கேமரா சட்டென்று கூரைக்குப் போய்விடுகிறது. மேலிருந்து பார்க்கையில் அறை ஒரு வரைபடம்போலத் தெரிகிறது. நீ இங்கே நிற்பாய், அவள் இந்தக் கதவு வழியாக வருவாள் என்று டோனி நடந்து நடந்து காட்டுகிறான். மேடையில் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் இந்தக் கோணம் கிடைக்காது. அதே அறை, அதே வசனம். ஆனால் சினிமா.

இந்தப் படத்தைப் பற்றி 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவிடம் பேசியபோது ஹிட்ச்காக் சொன்ன கருத்து முக்கியமானது. நாடகத்தை வாங்கும் பல இயக்குநர்கள் செய்வது என்ன? மேடையில் கதவைத் திறந்துகொண்டு வரும் பாத்திரம், படத்தில் டாக்சியில் வந்து இறங்கி, காசு கொடுத்து, படியேறி, கதவைத் தட்டி, பிறகு உள்ளே வரும். வந்ததும் நாடகத்தில் இருந்த அதே காட்சி அப்படியே தொடங்கும். அந்த டாக்சி கதைக்கு எதையும் தரவில்லை, வேகத்தைத்தான் குறைத்தது. நாடகத்தின் பலமே அதன் அடைப்பில் இருக்கிறது, அதைக் கெடுக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அதற்காகவே செட்டில் நிஜமான தளம் போடச் சொன்னாராம், காலடிச் சத்தம் அசலாகக் கேட்க வேண்டும் என்று. அறைக்குள்ளேயே இரண்டு மணி நேரம் இருக்கப்போகிறோம் என்றால் அந்த அறை நிஜமாக ஒலிக்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் குறைந்த செலவில் படம் எடுக்கும் நம்மூர் இளைஞர்கள் பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஒட்டுப்பலகைத் தரையில் நடந்தால் அது மேடைச் சத்தம்.

படத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். நாடகம் மார்கோவும் அவள் காதலனும் பேசுவதில் தொடங்குகிறது. அவர்கள் யார், என்ன உறவு என்பதெல்லாம் பேச்சிலேயே வர வேண்டும். படம் ஒரு முத்தத்தில் தொடங்குகிறது: காலை உணவு வேளை, கணவனும் மனைவியும். அவள் செய்தித்தாளில் ஒரு கப்பல் வருகிற செய்தியைப் படிக்கிறாள். கப்பல் வருகிறது. அடுத்து அதே ஹாலில் இன்னொரு முத்தம், இந்த முறை சிவப்பு உடையில், வேறொருவனோடு. சில பக்க வசனம் செய்ய வேண்டிய வேலை சில ஷாட்டில் முடிந்துவிட்டது. கப்பலுக்காக கேமரா வெளியே போனது உண்மைதான். ஆனால் அது ஊர் சுற்றிக் காட்டப் போகவில்லை. இரண்டு முத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒரு இணைப்பு தேவைப்பட்டது, அதற்காகப் போனது.

இன்னும் ஒரு இடம், அதுதான் இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. கொலை நடக்கவேண்டிய இரவு. மேடையில் என்றால் இருட்டு ஹாலில் காத்திருக்கும் ஸ்வானை மட்டும்தான் நம்மால் பார்க்க முடியும். படத்தில் கேமரா டோனி இருக்கும் விருந்துக்கும் போகிறது. டோனி தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அது நின்றுபோயிருக்கிறது. குறித்த நேரம் தாண்டிவிட்டது. போன் பூத்துக்கு ஓடுகிறான், உள்ளே வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் ஸ்வான் பொறுமையிழந்து கிளம்பப் பார்க்கிறான். நமக்கு இரண்டு பக்கமும் தெரியும். இருவருக்கும் ஒரு பக்கம்தான் தெரியும். அந்த இடைவெளியில் நமக்கு வேர்த்துவிடுகிறது. அதிலும் ஒரு சங்கடம், கொலைகாரனின் போன் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே என்று நாமே தவிக்கத் தொடங்குகிறோம்.

வெளியே போகலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் இந்தக் காட்சிதான். வெளியே போன கேமரா திரும்பி வரும்போது அறைக்குள் இருக்கும் இறுக்கம் கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தால் அந்தப் பயணம் சரி. குறைந்திருந்தால், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்தோம்" என்று பார்ப்பவருக்குத் தோன்றினால், அந்தக் காட்சியைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.

வெளியே போகாமலே வெளியைக் காட்டவும் வழி உண்டு. அதே படத்தில், தன்னைக் கொல்ல வந்த ஸ்வானைத் தற்காப்பில் கொன்றுவிட்ட மார்கோ மீதே கொலைப்பழி விழுந்து வழக்கு நடக்கிறது. வேறு ஒருவராக இருந்தால் பெரிய நீதிமன்ற செட் போட்டிருப்பார், கூட்டம், வக்கீல், நீதிபதி எல்லாம் வந்திருக்கும். ஹிட்ச்காக் வெற்றுப் பின்னணியில் அவள் முகத்தை மட்டும் வைத்து, மேலே நிற விளக்குகளை மாற்றி, குரல்களை மட்டும் கேட்கவைத்து முடித்துவிட்டார். ஊரையே கூட்டி ஒரு நீதிமன்றத்தைக் காட்டியிருந்தால் அந்த ஹாலின் பிடி அங்கேயே விட்டுப்போயிருக்கும்.

சரி, நம் கையில் ஒரு நாடகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் ஒரு பழைய வீடு. மறுநாள் காலை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்து. சென்னையிலிருந்து தம்பி வந்திருக்கிறான். அண்ணன், அண்ணி, தம்பி மூவரும் கூடத்தில். உள்ளே அறையில் உடம்பு முடியாத அம்மா தூங்குகிறாள். அவளுக்கு இந்த விஷயம் தெரியாது. மேடையில் தம்பி இப்படிப் பேசுவான்: "அப்பா போய் ஆறு மாசம் ஆகலை, அவர் உட்கார்ந்த ஈஸிசேரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டீங்களேண்ணா!" அண்ணனும் சளைக்காமல் கத்துவான். கைத்தட்டல் கிடைக்கும்.

படத்துக்கு எழுதும்போது முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இவர்கள் ஏன் கூடத்தை விட்டுப் போகவில்லை? அம்மாவைத் தனியே விட முடியாது, ராத்திரியில் எழுந்து கூப்பிடுவாள். காலைக்குள் பேசி முடித்தாக வேண்டும். ஆக இருவரும் கட்டிப்போடப்பட்டிருக்கிறார்கள். இந்தப் பதில் இன்னொன்றையும் கையில் தருகிறது. அம்மா விழித்துக்கொள்ளக்கூடாது என்றால் சத்தம் போட முடியாது. முழுச் சண்டையும் கிசுகிசுப்பில் நடக்க வேண்டும். மேடையில் இது சாத்தியமே இல்லை, கிசுகிசுப்பதாக நடித்தாலும் பின்வரிசைக்குக் கேட்கும்படிதான் கிசுகிசுக்க வேண்டும். மைக் அண்ணனின் வாயருகே இருக்கும் சினிமாவில் இது சுலபம். அடிவயிற்றிலிருந்து கத்த நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் இரண்டு ஆண்பிள்ளைகளை அருகில் பார்ப்பது பயங்கரமான அனுபவமாக இருக்கும்.

அந்த ஈஸிசேர் வசனம்? தம்பி உள்ளே வருகிறான். பையை வைக்கக் குனியும்போது தரையில் நான்கு இடத்தில் சிவப்புச் சிமெண்டு தேய்ந்து வெளுத்திருக்கிறது. வருடக்கணக்காக ஒரு நாற்காலி நின்ற தடம். பார்க்கிறான். அண்ணி அதைக் கவனித்து, "காபி போடட்டுமா தம்பி?" என்கிறாள். அவ்வளவு போதும். வசனத்தை முழுதாக எடுத்துவிடலாம். சண்டை முற்றும்போது அண்ணன் அறியாமல் அந்தத் தடத்தின் மேல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரட்டும், தம்பியின் பார்வை அங்கே போகட்டும். பார்ப்பவர் புரிந்துகொள்வார். பின்வரிசை என்று ஒன்று இப்போது கிடையாது. எல்லாரும் முதல் வரிசைக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்காவது ஒரு தடவை வெளியே போகலாமா? போகலாம். தம்பி கோபத்தில் கொல்லைப்பக்கம் போகிறான். கிணற்றடியில் நின்று திரும்பிப் பார்க்கும்போது அம்மாவின் அறை ஜன்னல் தெரிகிறது. அவள் தூங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கூடத்துப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தம்பி திரும்பக் கூடத்துக்கு வருகிறான். அண்ணன் அதே அடங்கிய குரலில் தொடர்கிறான். இப்போது அம்மா கேட்டுக்கொண்டிருப்பது தம்பிக்கும் நமக்கும் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. இனி அண்ணன் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் எடை கூடிவிட்டது. ஒரு நிமிடம் வெளியே போனதற்கு இது நல்ல வரவு.

கேமராவுக்கு வருவோம். ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம் என்றால் எல்லாக் கோணத்தையும் முதல் பதினைந்து நிமிடத்திலேயே செலவழித்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதற்கப்புறம் காட்டப் புதிதாக ஒன்றும் இருக்காது. இதைச் சமாளித்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது '12 ஆங்ரி மென்'. இது மேடையிலிருந்து வந்ததில்லை. ரெஜினால்ட் ரோஸ் 1954-இல் தொலைக்காட்சிக்கு எழுதிய நாடகம், 1957-இல் சிட்னி லூமெட் இயக்கத்தில் படமானது. அவருடைய முதல் படம். வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள், அடைத்துவைத்த பன்னிரண்டு ஜூரிகள், ஒரு இளைஞனின் உயிரைத் தீர்மானிக்கிறார்கள். 96 நிமிடத்தில் சுமார் மூன்று நிமிடம் தவிர மற்றதெல்லாம் ஜூரி அறையும் அதை ஒட்டிய கழிவறையும்தான். ஏன் வெளியே போகவில்லை என்ற கேள்விக்கு அங்கே பதில் ரொம்ப எளிது, கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது.

லூமெட் படத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டார். முதல் பங்கில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே. நடுப்பங்கில் கண்மட்டத்தில். கடைசிப் பங்கில் கண்மட்டத்துக்குக் கீழே. கீழிருந்து பார்த்ததால் கடைசியில் கூரையும் சட்டகத்துக்குள் வந்துவிட்டது. கூடவே லென்ஸையும் மாற்றிக்கொண்டே போனார். போகப்போக, தூரத்தை அருகில் இழுத்துக் காட்டும் நீளமான லென்ஸ், அதனால் பின்னால் இருக்கும் சுவர் ஆளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு தெரியும். செட் ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். கடைசியில் எல்லாரும் நீதிமன்றப் படிக்கட்டில் இறங்கும்போது இடத்தை அகலமாகக் காட்டும் லென்ஸைப் போட்டார், அப்போதுதான் காற்று வருகிறது. இதில் ஆரம்பநிலையில் இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, கேமராவை எங்கே வைப்பது என்பதைக் காட்சிக்குக் காட்சி யோசிக்காமல் முழுப்படத்துக்கும் சேர்த்து யோசித்தார் என்பதைத்தான்.

அந்தப் படத்தில் ஒரு துளி வியர்வை வரும். கொளுத்தும் வெயில், மின்விசிறி ஓடவில்லை, எல்லாரும் சட்டை நனைந்து உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருக்கிறார். உங்களுக்கு வேர்க்கவே வேர்க்காதா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். வேர்க்காது என்கிறார். வெகுநேரம் கழித்து, சில நாள் முன்பு பார்த்த சினிமா என்ன, யார் நடித்தது என்று அவரையே குறுக்குக்கேள்வி கேட்கும்போது, பதில் தடுமாறுகிறது. நெற்றியில் வியர்வை. கைக்குட்டையால் ஒற்றிக்கொள்கிறார். மேடையில் நடிகர் இதைச் செய்தால் பத்தாவது வரிசைக்குத் தெரியாது, தெரியவைக்க வேண்டுமானால் வசனம் வைக்க வேண்டும். திரையில் அந்தத் துளியே வசனம். இதே கதையை பாசு சட்டர்ஜி 1986-இல் இந்தியில் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று எடுத்தார். அடைத்த அறைக் கதை ஊர் விட்டு ஊர் எவ்வளவு லேசாகப் பயணம் செய்கிறது என்பதற்கு அது சாட்சி.

சுவரை நிஜமாகவே நகர்த்தியவரும் உண்டு. டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தை 1947-இல் பிராட்வேயில் இயக்கிய இலியா கஸானே 1951-இல் படத்தையும் இயக்கினார். முதலில் கதாநாயகி பிளான்ச்சின் முந்தைய வாழ்க்கையை எல்லாம் வெளியே போய்க் காட்டும்படி ஒரு திரைக்கதை தயாரானது. படித்துப் பார்த்தால் நாடகத்தின் வலு நீர்த்துப்போயிருந்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நாடகத்துக்கே திரும்பினார். பிறகு செட்டின் சுவர்களைக் கதை நகர நகர உள்ளே தள்ளி அறையைச் சின்னதாக்கிக்கொண்டே போனார்கள். பிளான்ச்சுக்குப் போக்கிடம் இல்லை, தங்கையின் வீட்டைவிட்டால் தெருதான். ஆகவே வீடு அவளை நெருக்குகிறது. ஏன் வெளியே போகவில்லை என்ற கேள்விக்கு வந்த பதிலை அப்படியே தச்சர் வேலையாக மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

அண்மைக்காலத்தில் 'தி ஃபாதர்'. ஃபுளோரியன் ஸெல்லெர் 2012-இல் பாரிஸ் மேடைக்கு எழுதி, 2020-இல் தானே இயக்கிய படம். மறதிநோய் வந்த முதியவரின் ஃபிளாட். மேடையில் காட்சிக்குக் காட்சி விளக்கை அணைத்து, அந்த இருட்டில் மேஜை நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். படத்தில் இருட்டு தேவையில்லை. வீட்டுக்குள் அதே நடைவழி, அதே கதவுகள், ஆனால் சுவர் நிறம் வேறு, சமையலறை வேறு. எப்போது மாறியது என்று நமக்குப் புரியாது, அவருக்கும் புரியாது. மேடையின் உத்தியை நகலெடுக்காமல் அதன் நோக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது, பொருத்தம்தான்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஹிட்ச்காக் 1948-இல் எடுத்த 'ரோப்', பாட்ரிக் ஹாமில்டனின் 1929 நாடகத்திலிருந்து வந்தது. ஒரு படச்சுருள் தாங்கும் அளவுக்கு, பத்து நிமிடம் வரை நீளும் ஷாட்டுகள். ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வெட்டே இல்லாததுபோல் கோத்திருப்பார். கேமரா போக வழிவிட்டு சுவர்கள் உருண்டு விலகும். ஜன்னலுக்கு வெளியே நியூயார்க் வானம் மாலையிலிருந்து இரவாக மெல்ல மாறும். வானம் மாறுவது அற்புதம். வெட்டாமல் எடுத்தது? பின்னாளில் ஹிட்ச்காக்கே அது தன் கொள்கைக்கு விரோதமான காரியம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஷாட்டில் எடுத்தால் நாடகத்துக்கு விசுவாசமாக இருக்கலாம் என்று இப்போதும் பலர் நினைக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மேடையில் பார்வையாளரிடம் இருக்கிறது, படத்தில் இயக்குநரிடம் வந்துவிடுகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் முக்கியமான கருவி வெட்டு. அதைக் கைவிடக் காரணம் வலுவாக இருக்க வேண்டும்.

நம் பக்கம் இதற்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது. கே. பாலசந்தர் சென்னையில் ஏ.ஜி. அலுவலகத்தில் (அரசுக் கணக்குகளைப் பார்க்கும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். அவர் இயக்கிய முதல் படம் 'நீர்க்குமிழி', 1965, அவருடைய நாடகம்தான். கதை மருத்துவமனையை விட்டு நகராது. நோயாளி எங்கே எழுந்து போவார்? கேள்வியே எழாத களம். 'எதிர்நீச்சல்', 1968, ஒரு பெரிய வீட்டில் பல குடித்தனங்கள், மாடிப்படியடியில் வாழும் மாது. அந்த வீட்டைவிட்டால் மாதுவுக்கு வேறு யாரும் இல்லை. பட்டு மாமியும் கிட்டு மாமாவும் பாடும் புகழ்பெற்ற பாட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டு என்றாலே மலைக்கும் கடற்கரைக்கும் ஓடும் காலத்தில் அது ஒரு குடித்தனத்துக்குள் நடக்கும் தர்க்கமாகவே இருக்கிறது, அடுத்த வீட்டை எட்டிப்பார்க்கும் குடித்தனக்காரப் புத்தியையும் காட்டுகிறது. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதி சிவாஜி மேடையில் நடித்து 1970-இல் படமான 'வியட்நாம் வீடு', விசு தன் நாடகத்திலிருந்து உருவாக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்', 1986, இரண்டிலும் வீடுதான் கதை. விசுவின் படத்தில் வீட்டின் நடுவே கோடு கிழிக்கும் இடம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரே செட் என்ற கட்டுப்பாட்டை இரண்டாகக் கிழித்துக் காட்டியது அது. இந்தப் படங்களில் வசனம் மேடையின் அளவில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நிற்கின்றன. ஆட்கள் அங்கே இருப்பதற்கான காரணம் அசைக்க முடியாதது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு நடைமுறை விஷயம். நாடகம் உங்களுடையது இல்லையென்றால் படமாக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். மேடையேற்ற அனுமதி வாங்கியிருந்தால் அது படத்துக்குச் செல்லாது, அது வேறு உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். "பெரியவர் நல்லா தெரிஞ்சவர்தான், வாய்வார்த்தை போதும்" என்று தொடங்காதீர்கள்.

இன்னொன்று ஒத்திகை. ஒரே அறைதானே, வரிசையாக எடுத்துவிடலாம் என்று தோன்றும். நடைமுறையில் வரிசையாக எடுத்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றி மாற்றி வைத்து நாள் போய்விடும். லூமெட் ஒரு நாற்காலிக்கு விளக்கு வைத்துவிட்டால் படம் முழுவதிலும் அந்த நாற்காலியில் நடக்கும் எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிட்டார். இருவர் நேருக்கு நேர் மோதும் காட்சியில் ஒருவர் முகம் ஒரு நாள், எதிராளி முகம் பல நாள் கழித்து. அப்படி எடுத்தும் கோபத்தின் அளவு ஒட்டியது, ஏனென்றால் படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் நாடகத்துக்குச் செய்வதுபோலவே ஒத்திகை பார்த்திருந்தார்கள். நாடகக் குழுவிலிருந்து நடிகர்களை அழைத்துவருபவர்களுக்கு இது இன்னும் வசதி, பாடம் ஏற்கனவே மனதில் இருக்கும். அவர்களோடு செட்டில் இரண்டு நாள் சும்மா உட்காருங்கள். முதல் நாள் முழுக்குரலில் பேசவிடுங்கள், இரண்டாம் நாள் எதிரில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பேசச் சொல்லுங்கள். எந்த வசனம் இனி தேவையில்லை என்று அவர்களே காட்டிக்கொடுப்பார்கள்.